கொழுந்து லொறியில் போன பெருநாள் சாப்பாடு

தெல்தோட்டைக் கடைவீதியில், பலசரக்குக் கடையொன்றின் பின்புறமாக அமைந்திருந்த வீட்டில், அந்தப் புதன்கிழமை மாலை இரண்டு அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. ஒன்றில் நோன்பு திறப்பதற்குரிய கஞ்சி கொதித்தது. மற்றொன்றில் பெருநாளுக்குரிய வட்டிலப்பம் ஆவியில் வெந்தது. கித்துள் கருப்பட்டியும் முட்டையும் தேங்காய்ப்பாலும் ஏலமும் ஒன்றுகூடிக் கனிகின்ற மணம் வீடு முழுவதும் பரவியிருந்தது. கடைக்காரர் சாஹுல் ஹமீதின் மனைவி பாயிஸா, நோன்பிருந்த வாயை இறுக மூடிக்கொண்டு, இரண்டு அடுப்புகளுக்கும் நடுவே நின்றார்.

மறுநாள் பெருநாள் என்று அவர் முடிவு செய்துவிட்டார். பிறை இன்னும் முடிவு செய்யவில்லை.

கொவிட் நோய் மூன்றாம் முறையாக நாட்டில் பரவிக்கொண்டிருந்த காலம் அது. வியாழக்கிழமை இரவு முதல் திங்கட்கிழமை அதிகாலை வரை எவரும் வீட்டை விட்டு வெளியேறலாகாது என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. புதன் மாலை பிறை தென்பட்டால் வியாழன் பெருநாள், பாதைகள் திறந்திருக்கும். தென்படாவிட்டால் வெள்ளி பெருநாள், பாதைகள் மூடியிருக்கும். மற்ற ஆண்டுகளில் இந்த ஒருநாள் வேறுபாடு தையற்காரரை மட்டுமே வருத்தும். அவ்வாண்டு அது பாயிஸாவின் மானத்தைத் தொட்டது.

அவருடைய இளைய மகள் நப்லாவை அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் நாவலப்பிட்டியில் ஸாகி என்பவருக்கு மணம் முடித்துக் கொடுத்திருந்தார்கள். மணமான பின் வருகின்ற முதற் பெருநாளன்று, பெருநாள் தொழுகை முடிந்து பகலுணவுக்கு முன்னர், பெண் வீட்டுச் சாப்பாடு மாப்பிள்ளை வீட்டைச் சென்றடைய வேண்டும் என்பது இரு குடும்பங்களும் கைக்கொண்டு வந்த வழக்கம். அதனைப் பெண் வீட்டுக்காரர் ஒருவர் தம் கையாலேயே கொடுக்க வேண்டும். ஆள் அனுப்பிக் கொடுத்தால் அது சாப்பாடு. தாமே கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அது மரியாதை.

நோன்பு திறந்து, தொழுது முடித்து, சாஹுல் ஹமீது வானொலியைத் திருகினார். நாட்டின் எப்பாகத்திலும் பிறை தென்படாத காரணத்தால் நோன்பை முப்பதாகப் பூர்த்தி செய்யுமாறும், வெள்ளிக்கிழமை பெருநாள் கொண்டாடுமாறும் அறிவித்தல் வந்தது.

"கேட்டதா?" என்று அவர் குசினியை நோக்கிக் குரல் கொடுத்தார்.

"காது நல்லாத்தான் ஈக்குது."

"பிறையோட பேசி வச்ச மாதிரி ஒரு தாச்சி வட்டிலப்பம் அவிச்சீங்களே, இப்ப என்ன செய்யப் போற?"

"நாளைக்கி நோன்பு திறக்கத் தெருவுக்கே குடுக்கப் போறன். நீங்க மொதல்ல கடையில இருந்து இன்னும் முட்டை எடுத்துத் தாங்க."

அவர் முட்டை எடுக்கச் சென்றவேளை பாயிஸா நாவலப்பிட்டிக்குத் தொலைபேசி அழைப்பு எடுத்தார். ஸாகியின் தந்தைக்கு நோய் தொற்றியிருந்தமையால் அவரைச் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டு சென்றிருந்தார்கள். அவர் தேறி வந்தார். ஆயினும் வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டப்பட்டு ஒரு வாரம் கடந்திருந்தது. வீட்டில் ஸாகியும் நப்லாவும் ஸாகியின் தாயார் மஸாஹிராவும் அடைபட்டிருந்தார்கள்.

"உம்மா, நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க," என்றாள் நப்லா. பின்பு குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுல கோழியும் இல்ல, இறைச்சியும் இல்ல. பக்கத்து வீட்டு ஆக்கள் ஜன்னலையும் சாத்திட்டாங்க. நேத்து மாமி மதிலால எட்டிச் சாமான் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டவ. ஜமால்தீன் நாநா கேக்காத மாதிரி உள்ள போயிட்டார். மாமி அதுக்குப் பொறகு ஒரு கதையும் இல்ல."

அதற்குள் மஸாஹிரா தொலைபேசியை வாங்கிக்கொண்டார். குரலில் நலிவு தெரியாதவாறு அவர் பேசினார்.

"இஞ்ச பாருங்க சம்பந்தி, இந்தக் காலத்துல யாரும் ஒண்டும் எதிர்பாக்கிற இல்ல. நீங்க மனசுல வச்சிக்காதீங்க. எனக்கு மொதல் பெருநாள் வந்த நேரம் மகாவலி பெருகி ரோட்டெல்லாம் தண்ணி. எங்கட உம்மா ஓடத்துல ஏறி வந்து சாப்பாடு தந்தவ. அது அந்தக் காலத்து ஆக்கள். இப்ப எல்லாருக்கும் அப்படி ஏலுமா?"

"ஏலும்," என்றார் பாயிஸா.

சொல்லிவிட்ட பின்னர்தான், எவ்வாறு ஏலும் என்பதை அவர் சிந்திக்கத் தொடங்கினார்.

வியாழக்கிழமை காலை சாஹுல் ஹமீது ஒரு வழி கூறினார். அன்று பாதை திறந்திருந்தமையால் வேனிலே சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இருட்டுவதற்கு முன் திரும்பிவிடலாம் என்றும், அவர்கள் அதை மறுநாள் சூடாக்கி உண்ணலாம் என்றும் அவர் விளக்கினார்.

"நோன்பு நாளையில பெருநாள் சாப்பாடா? 'சம்பந்தி வீட்டுல இருந்து பழஞ்சோறு வந்திச்சி' எண்டு அவ பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லுவா. ஓடத்துல வந்ததோட போட்டி போட ஏலாட்டி நான் அனுப்பாமலே இருப்பன்."

"அப்ப ஹெலிகொப்டர்தான் புடிக்க வேணும்."

"புடிச்சித் தாங்க. நான் ஏறுறன்."

சாஹுல் ஹமீது கடைக்குச் சென்றார். வாழ்க்கை முழுவதும் விலை பேசியவராயினும், மனைவியோடு பேரம் பேசி வென்ற நாள் ஒன்றை அவரால் நினைவுகூர இயலவில்லை.

அன்று நண்பகலில் கொழுந்து லொறி வந்து கடை வாசலில் நின்றது. சிறு தேயிலைத் தோட்டக்காரர்களின் கொழுந்தைச் சேகரித்துத் தொழிற்சாலைக்குக் கொண்டு செல்வது அந்த லொறியின் வேலை. சாரதி தினேஸ் தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவின் லய வீடொன்றில் வசிப்பவன். மூட்டை ஏற்றும் பொன்னையா பின்னால் சாக்குகளின் மேல் சாய்ந்திருந்தார். முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு தினேஸ் சோடா கேட்டான். நோன்பு நாளென்பது நினைவுக்கு வரவே, போத்தலைக் கையில் வாங்கிக்கொண்டு லொறிக்குப் பின்புறமாகப் போய்க் குடித்தான்.

"நாளைக்கு ரோட்டுல நாயும் இருக்காது, மொதலாளி," என்றான் திரும்பி வந்து. "நானும் பொன்னையா மாமாவும் கொழுந்தும் மட்டுந்தான் காலையிலயே போவோம். அதுவும் நாவலப்பிட்டி வரைக்கும்."

கல்லாவின் பின்னே அரிசி புடைத்துக்கொண்டிருந்த பாயிஸாவின் கை நின்றது.

"நாவலப்பிட்டிக்கா? கொழுந்து எப்பவும் இஞ்ச பக்கத்துலதானே போடுற?"

"அத ஏன் கேக்குறீங்கம்மா? பக்கத்து பெக்டரியில வேல செய்றவுங்களுக்குக் கொவிட் வருத்தம் வந்து பூட்டிட்டாங்க. இப்ப நாவலப்பிட்டி டவுணத் தாண்டி மேல ஒரு பெக்டரி. புது எடம். நிறுவையில வெட்டிருவான்னு இங்க எல்லாருக்கும் பயம். அதனால கொழுந்துக்குச் சொந்தக்காரவுங்க ஒருத்தர் கூட வந்து நிறுவையப் பாத்துக்கலாம்னு ஊரடங்குப் பாசுலயே போட்டுக் குடுத்திருக்காங்க. யாரும் வரமாட்டேங்கிறாங்க. வருத்தத்துக்குப் பயம்."

பாயிஸா சுளகைக் கீழே வைத்தார். வீட்டின் பின்புறச் சரிவில், அவருடைய தந்தையார் அவர் பெயருக்கு எழுதி வைத்த முக்கால் ஏக்கர் தேயிலை இருந்தது. லயத்துச் சந்திரிகா பாதிப் பங்குக்கு அதில் கொழுந்து பறித்து வந்தாள். அந்தக் கொழுந்தும் இதே லொறியில்தான் போனது.

"தினேஸ், நாளைக்கி எங்கட கொழுந்து போகும். சொந்தக்காரி கூட வருவா."

"யாரும்மா?"

"நான்தான்."

தினேஸ் முதலாளியைப் பார்த்தான். முதலாளி மேல்தட்டில் இருந்த சவர்க்காரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பாடும் வரும்," என்றார் பாயிஸா. "புரியாணி ஒரு தாச்சி. வட்டிலப்பம் ஒரு தட்டு."

அப்போதுதான் தினேஸின் முகம் மாறியது. "ஒங்கள ஏத்திக்கிறேம்மா. புரியாணிய ஏத்த மாட்டேன். பச்சக் கொழுந்து மணத்தப் புடிச்சிக்கும். பெக்டரியில மோந்து பாத்துட்டு முழு லொறியையும் திருப்பி அனுப்பிட்டான்னா, எத்தன பேரு கொழுந்து அது?"

அது நியாயமான மறுப்பு என்பதைப் பாயிஸா உணர்ந்தார். "தாச்சிய மூடி, சுத்திவர மாவு பூசி அடைச்சிருவன். ஒரு துளி மணம் வெளிய வராது. முன்னுக்குச் சாரதிப் பக்கத்துலயே வச்சிக்கிறன். பின்னுக்கு வராது."

"முன்னுக்கு ரெண்டு பேருதான் இருக்கலாம். நான், பொன்னையா மாமா."

லொறியின் மேலிருந்து பொன்னையா முதன்முறையாக வாய் திறந்தார். "நான் எப்பவும் கொழுந்து மேலதான்டா ஒறங்கிட்டு வாறேன். முன்னுக்கு ஒக்காந்தா ஒம் பேச்சக் கேக்கணும்."

இவ்வாறாக அந்தக் காரியம் முடிவாயிற்று. ஆனால் ஓர் இடர் எஞ்சியிருந்தது. சந்திரிகா அந்தத் துண்டை அவ்வாரத் தொடக்கத்தில்தான் பறித்து முடித்திருந்தாள். செடிகளில் கொழுந்து இல்லை. கொழுந்து இல்லையெனில் சொந்தக்காரியும் இல்லை.

வெள்ளிக்கிழமை. சூரியன் எழுவதற்கு முன்னரே புரியாணி தம்மில் இருந்தது. பள்ளிவாசல்கள் பூட்டியிருந்தமையால் சாஹுல் ஹமீது வீட்டு மண்டபத்தில் பாய் விரித்துப் பெருநாள் தொழுகையை நடத்தினார். அவர் ஸலாம் கொடுத்துத் திரும்பிய சிறிது நேரத்தில், புதிய அபாயா அணிந்து அமர வேண்டிய பாயிஸா, பழைய சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு, கொழுந்து பறிப்போரைப் போல் படங்குத் துண்டை இடுப்பில் கட்டி, கூடையைத் தலையில் மாட்டிப் பின்வாசலால் இறங்கினார்.

"ஊர்ல எல்லாரும் பெருநாளைக்கி உடுப்பு உடுப்பாங்க," என்றார் சாஹுல் ஹமீது வாசலில் நின்று. "எனக்கு வாய்ச்சது படங்கு கட்டுது."

"வந்து ஒரு கை பறிங்க. லொறி வந்திரும்."

அவர் முணுமுணுத்தபடி புதிய சாரத்தை மடித்துக் கட்டினார்.

சந்திரிகா ஏற்கெனவே கீழ்வரிசையில் நின்றிருந்தாள். பறிப்பதற்கு இல்லாத செடிகளில் பறிப்பது எளிதன்று. விடுபட்ட ஓரங்களிலும், வடிகானின் அருகிலும், வேலியை அண்டிய நிழலிலும் தேடித் தேடி இளந்தளிரைக் கிள்ள வேண்டியிருந்தது. பாயிஸா பருவமடைந்த காலத்துக்கு முன் தந்தையுடன் பறித்தவர். விரல்கள் பாதியை மறந்திருந்தன.

"அம்மா, அது முத்தல். மாட்டுக்குப் போடலாம்," என்றாள் சந்திரிகா.

"இது?"

"அதுவும் மாட்டுக்குத்தான்."

"எனக்கு ஒரு மூட்டை வேணும் சந்திரிகா. மாட்டுக்கு எண்டாலும் லொறியில போனாச் சரி."

"மொதலாளி பறிக்கிறத விடவா? அவரு பாருங்க, கெளையவே முறிக்கிறாரு."

முதலாளி அதைக் கேட்டும் கேளாதவராக இருந்தார். மூவரும் சிரித்துக்கொண்டும், அட்டைகளைத் தட்டிவிட்டுக்கொண்டும் மேலேறினார்கள். லொறியின் ஹோர்ன் ஓசை வளைவில் கேட்டபோது, முழு மூட்டை இல்லாவிடினும், மூட்டை என்று கூறத்தக்க ஒன்று நிரம்பியிருந்தது.

பாயிஸா முகம் கழுவி, அபாயாவை அணிந்து, மாவு பூசி அடைத்த தாச்சியை ஆசனத்தில் வைத்து, வட்டிலப்பத் தட்டை மடியில் ஏந்தி ஏறினார். தட்டின் மேல் வெள்ளைச் சீலை விரிக்கப்பட்டிருந்தது. கண்ணாடிகள் இறக்கப்பட்டிருந்தன. பொன்னையா பின்னால் கொழுந்தின் மேல் ஏறிப் படுத்தார். சாஹுல் ஹமீது வாசலில் நின்று கையசைத்தார். அவருடைய சாரத்தின் விளிம்பில் ஓர் அட்டை ஏறிக்கொண்டிருந்ததை அவர் இன்னும் காணவில்லை.

கலஹாவும் பேராதனையும் கடந்தன. கடைகள் யாவும் அடைபட்டு, வீதிகள் கழுவி வைத்தாற்போல் வெறுமையாகக் கிடந்தன. ஒவ்வொரு வளைவிலும் தினேஸ் வேகத்தைக் குறைத்தான்.

"பஸ் ஓட்டுற மாதிரி ஓட்டாதன்னு நீங்க சொல்லலம்மா. வட்டிலப்பம் சொல்லுது," என்றான்.

"அது ஆடினா நடுவுல கீறி வெடிச்சிரும். வெடிச்சா என்ட மானமும் அதோட."

கம்பளையில் பொலிசார் பாதையின் குறுக்கே கம்பி இட்டிருந்தனர். வயதான சிங்களச் சார்ஜன்ட் ஒருவர் பாசை வாங்கி நெடுநேரம் வாசித்தார். பின்பு உள்ளே எட்டிப் பார்த்தார். புதிய கறுப்பு அபாயா, மடியில் வெள்ளைச் சீலை, பக்கத்தில் பெரிய தாச்சி.

"இந்த நோனா யார்?" என்று அவர் தமிழிலேயே கேட்டார்.

"கொழுந்துக்குச் சொந்தக்காரவுங்க, ஐயா. நிறுவை பாக்க வாறாங்க."

"நிறுவை பாக்க இப்படியா உடுத்து வாறது? எனக்குப் பொய் சொல்ல வேணாம். இது கலியாண வீட்டுக்குப் போற ஆள்."

பாயிஸா தட்டை ஆசனத்தில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் கண்ணாடிக்கு வெளியே நீட்டினார். முந்திய இரவு இட்ட மருதோன்றியின் சிவப்பின் மேல், விரல் நுனிகள் யாவும் கொழுந்துச் சாற்றினால் கறுத்திருந்தன. நகக்கண்களில் பச்சை ஒட்டியிருந்தது.

"காலையில நான் பறிச்ச கொழுந்து பின்னுக்கு ஈக்குது, மாத்தயா. அது பெக்டரிக்கு. அதுல பொய் இல்ல. இந்தச் சாப்பாடு என்ட மகள்ட வீட்டுக்கு. அதுலயும் பொய் இல்ல. நாவலப்பிட்டியில அவங்கட வீட்டப் பூட்டி வச்சிருக்கு. உள்ளுக்குச் சமைக்கச் சாமான் இல்ல. இண்டைக்கிப் பெருநாள். நான் உள்ள போக மாட்டன். கேட்டுல வச்சிட்டு லொறியோடயே போவன்."

சார்ஜன்ட் அந்தக் கைகளை நோக்கினார். அவருடைய ஊர் பூண்டுலோயா; அவர் தாயாருக்கும் ஒரு துண்டுத் தேயிலை இருந்தது. லொறியின் பின்புறம் நடந்து சென்று, பொன்னையா காட்டிய மூட்டையினுள் கை விட்டு ஒரு பிடி கொழுந்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இது நீங்க பறிச்சதுதான்," என்றார். "தொழில் தெரிஞ்ச ஆள் இப்படிப் பறிக்காது."

கம்பி உயர்ந்தது.

"கேட் மட்டும் அம்மா. உள்ள போறது இல்ல. பெருநாளுக்குச் சுபம்."

நாவலப்பிட்டி நகரை அவர்கள் அடைந்தபோது வெயில் உச்சியை அண்மித்திருந்தது. புகையிரத நிலையம் ஓசையற்றிருந்தது. தொழிற்சாலைக்குச் செல்லும் அதே பாதையில், பள்ளிவாசலைத் தாண்டிய ஏற்றத்தில், மஸாஹிராவின் இரண்டு மாடி வீடு நின்றது. அதன் கதவில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. தெருவின் இருபுறத்திலும் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. பெருநாள் தினத்தில் ஒரு தெரு அவ்வாறு அடங்கியிருப்பதைப் பாயிஸா தம் வாழ்நாளில் கண்டதில்லை.

தினேஸ் லொறியை நிறுத்தி, ஹோர்னை நீளமாக அழுத்தினான்.

பாயிஸா தாமே இறங்கினார். பொன்னையா உதவ வந்தபோது விலக்கினார். தாச்சியை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டுபோய்க் கேட்டை ஒட்டிய திட்டின் மேல் வைத்தார். திரும்பி வந்து வட்டிலப்பத்தைக் கொண்டு சென்றார். அது ஓரிடத்திலும் வெடிக்கவில்லை; வெள்ளைச் சீலையை நீக்கியபோது, மேற்பரப்பில் இட்ட முந்திரிப் பருப்புகள் வைத்த இடத்திலேயே இருந்தன. அதன் பின்னர் அவர் வீதியின் மறுகரைக்குச் சென்று, லொறியின் அருகில் நிமிர்ந்து நின்றார்.

"அஸ்ஸலாமு அலைக்கும், சம்பந்தி. பகல் சாப்பாட்டுக்கு நேரமாகல்லத்தானே?"

மேல்மாடி ஜன்னலில் நப்லா தோன்றினாள். இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸாகி கீழே ஓடி வந்து, கேட்டருகில் தாச்சியைக் கண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் மஸாஹிரா மெதுவாக வந்தார். முகம் மெலிந்திருந்தது. அவர் சாப்பாட்டைப் பார்த்தார், லொறியைப் பார்த்தார், கொழுந்து மூட்டைகளின் மேல் அமர்ந்து சலாம் வைத்த பொன்னையாவைப் பார்த்தார். ஒரு வாரமாக எவரும் ஏறிட்டுப் பாராத அந்த வீட்டு வாசலில், அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

பிறகு தெருவின் இரு முனைகளுக்கும் எட்டும் குரலில் அழைத்தார்.

"ஜமால்தீன் நாநா, ஜன்னலக் கொஞ்சம் திறங்க. எங்கட சம்பந்தி வந்தீக்கா. தெல்தோட்டையில இருந்து. பொண்ணுட உம்மாவே கொண்டு வந்தீக்கா. தாச்சி நெறையச் சாப்பாடு, வட்டிலப்பம். தட்டப் பாருங்க, எவ்வளவு பெரிசு எண்டு."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டு ஜன்னலும் திறந்தது. ஜமால்தீன் தொப்பியைச் சரிசெய்தபடி, "மாஷா அல்லாஹ்," என்று தாழ்ந்த குரலில் கூறினார். அவர் மனைவி அவருக்குப் பின்னால் இருந்து, "நாளைக்கிச் சாமான் ஏதும் வேணுமெண்டாச் சொல்லுங்க மஸாஹிரா," என்றாள். மஸாஹிரா அவளுக்கு உடனே விடை கூறவில்லை. காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஆனால் தட்டைக் கையிலெடுத்தபோது அவர் தயங்கினார். அங்கே எந்த வீட்டிலும் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை. ஒரு பிடி சீனியாவது வைத்துத்தான் அனுப்புவார்கள். அவருடைய வீட்டிலிருந்தோ எந்தப் பொருளும் வெளியேறக் கூடாது.

"தட்ட எப்படிச் சம்பந்தி திருப்புற?" என்றார். முதன்முறையாக அவருடைய குரலில் செருக்கு இல்லை. "இந்த வீட்டுல இருந்து ஒண்டும் வெளிய போக ஏலாதே."

பாயிஸா அதற்கு விடையை யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"வச்சிக்கங்க. ஹஜ்ஜுப் பெருநாளைக்கி நீங்களே தெல்தோட்டைக்கிக் கொண்டு வாங்க. வெறுந்தட்டா வராது எண்டு எனக்குத் தெரியும்."

மஸாஹிரா அவரை உற்றுப் பார்த்தார். வாயின் ஓரம் அசைந்தது.

"மழை பேஞ்சாலும் வருவன்," என்றார்.

மேல்மாடியிலிருந்து நப்லா, "மாமி, சீக்கிரம் கொண்டு வாங்க, பசிக்குது," என்று கூவினாள். தெருவில் எவரோ சிரித்தார்கள். தினேஸ் இயந்திரத்தை முடுக்கினான். கொழுந்து வாடுவதற்கு முன் தொழிற்சாலையை அடைய வேண்டியிருந்தது. பாயிஸா ஏறி, இப்போது விசாலமாகிவிட்ட ஆசனத்தில் நன்றாகச் சாய்ந்து அமர்ந்தார். லொறி ஏற்றத்தில் முனகிக்கொண்டு நகர, தெருவின் மற்ற ஜன்னல்களும் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவற்றில் நின்ற ஒவ்வொருவருக்கும் அவர் மருதோன்றிக் கையை உயர்த்தி, வளைவு மறைக்கும் வரை, ஸலாம் சொல்லிக்கொண்டே சென்றார்.